58 சதவீதத்தோடு எம்.எஸ்சி. சேர முடியுமா?

கேள்வி:

பேராசிரியர் அம்மா, தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். அப்பா இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் விவசாயம் செய்கிறார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி ஆகப் போகிறேன். நாங்கள் எம்.பி.சி. பிரிவு.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் முதல் ஆண்டு பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால் மிகவும் தடுமாறினேன். அலைடு கணிதத்தில் ஓர் அரியர் விழுந்தது. அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டேன். நான்கு செமஸ்டர் முடிந்த நிலையில் பார்ட் 3-இல் 61.8 சதவீதம் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 58.4 தான் வருகிறது.

எம்.எஸ்சி. இயற்பியல் படித்து, பிஎச்.டி. முடித்து, கல்லூரிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் "60 இல்லாதவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. எதையும் நினைக்கவே கூடாது, ஜாம் தேர்வுக்குக் கட்டும் பணம் வீண்" என்று சீனியர் அக்கா ஒருவர் சொல்லிவிட்டார். அது உண்மையா? 61.8, 58.4 இரண்டில் எதைப் பார்ப்பார்கள்? அரியர் இருந்தது தடையாகுமா? தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கும் என் மாமா மகள் 6.9 சி.ஜி.பி.ஏ. வைத்திருக்கிறாள். அதை 69 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? என் மார்க்கை வைத்துக்கொண்டு பேராசிரியர் ஆக ஆசைப்படுவது சரிதானா? தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள் அம்மா.

- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேராசிரியர் ஆக ஆசைப்படலாம். 58.4 என்ற எண் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்கக்கூடிய எண் வேறொன்று. அது உங்கள் எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியலில் வரப்போகிறது. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்விகளை வரிசையாகப் பார்ப்போம்.

தகுதி மதிப்பெண் வேறு, தரவரிசை வேறு

முதுகலைச் சேர்க்கையில் "மார்க்" என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குறிப்பிடுகிறோம். முதலாவது, விண்ணப்பிக்க உங்களை அனுமதிக்கும் குறைந்தபட்சத் தகுதி. இரண்டாவது, விண்ணப்பித்தவர்களில் யாருக்கு இடம் என்று முடிவுசெய்யும் தரவரிசை. தகுதிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. 60 கேட்கும் இடத்தில் 60.1 வைத்திருப்பவரும் 92 வைத்திருப்பவரும் ஒன்றுதான். அதன் பிறகு இடத்தைத் தருவது தரவரிசை.

அந்தத் தரவரிசையை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஐ.ஐ.டி.களின் இரண்டாண்டு எம்.எஸ்சி. படிப்புகளுக்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வின் தரவரிசை மட்டுமே கணக்கு. நேர்காணல் கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்குப் பங்கும் கிடையாது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் பி.ஜி. தேர்வு இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளிலோ நுழைவுத் தேர்வே இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை போட்டு, 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி சேர்க்கிறார்கள்.

ஆக, உங்கள் பட்டப்படிப்பு மதிப்பெண் ஓரிடத்தில் நுழைவுச் சீட்டாகிறது, இன்னோரிடத்தில் முழுப் போட்டியும் அதுதான். உங்கள் சீனியர் அக்கா இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அரசுக் கல்லூரி விடுதிகளில் இப்படி வாய்வழியாக வரும் "விதிகள்" எத்தனையோ பேரை விண்ணப்பிக்காமலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம் இது. தேர்வில் தோற்றவரைவிட, தேர்வே எழுதாமல் விலகியவர்தான் அதிகமாக இழக்கிறார்.

61.8, 58.4: எது உங்கள் மதிப்பெண்?

இரண்டும் உங்களுடையவைதான். எது எங்கே செல்லும் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பார்ட் 1 தமிழ் அல்லது பிற மொழி, பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 முதன்மைப் பாடமும் அலைடு பாடங்களும், அதற்கு மேல் பார்ட் 4, பார்ட் 5 என்று பிரித்து, வகுப்பையும் பகுதி வாரியாகக் கொடுக்கிறார்கள். 60-க்கு மேல் முதல் வகுப்பு என்பதால் உங்கள் பார்ட் 3 இன்றைய நிலையில் முதல் வகுப்பு. மாநிலத்துக்குள் அரசு கலைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. சேரும்போது இந்த பார்ட் 3 மதிப்பெண்தான் உங்களுக்காகப் பேசும். அங்கே நீங்கள் 61.8.

மாநிலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. நம் ஊர் பார்ட் 3 கணக்கு மற்ற மாநிலங்களில் பலருக்குத் தெரியாது. ஜாம் தகவல் கையேடுகளில் நெடுங்காலம் இருந்த விதி இதுதான்: மொழிப் பாடங்கள், துணைப் பாடங்கள் உட்பட எல்லாப் பாடங்களையும், எல்லா ஆண்டுகளையும் சேர்த்துச் சதவீதம் கணக்கிட வேண்டும், தசமத்தை மேலே தள்ளி முழு எண்ணாக்கக் கூடாது. 59.6 என்பது 59.6 தான், 60 ஆகாது. விண்ணப்பத்தில் பார்ட் 3 மதிப்பெண்ணை மட்டும் போட்டுவிட்டு, இடம் கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் சீட்டை இழப்பவர்கள் உண்டு. அந்தத் தவறு உங்களுக்கு நேர வேண்டாம். தேசிய அளவிலான விண்ணப்பங்களில் உங்கள் எண் 58.4 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் கோடு வேறு

ஜாம் தேர்வை எழுதுவதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதுவும் இல்லை. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம், வயது வரம்பும் இல்லை. முன்பு ஐ.ஐ.டி.களில் சேரும்போது பொதுப் பிரிவினரும் ஓ.பி.சி. பிரிவினரும் 55, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் 50 சதவீதம் காட்ட வேண்டியிருந்தது. பின்னாளில், சேர்க்கும் நிறுவனமே தகுதியை நிர்ணயிக்கும் முறை வந்தது. பழைய 55-ஐ வைத்துப் பார்த்தாலும் உங்கள் 58.4 அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே எல்லா ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கும் 60 கட்டாயம் என்பது சரியல்ல.

என்.ஐ.டி.களின் கதை வேறு. அவற்றுக்கு சி.சி.எம்.என். என்ற மையக் கலந்தாய்வு நடக்கிறது. அதற்கும் ஜாம் மதிப்பெண்தான் அடிப்படை. அங்கே குறைந்தபட்சத் தகுதி: பொது, ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கு 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 55 சதவீதம் அல்லது 6.0. மத்திய நிறுவனங்களில் எம்.பி.சி. என்ற தனிப் பிரிவு இல்லை, நீங்கள் ஓ.பி.சி.யில் வருவீர்கள். ஓ.பி.சி.க்கு இட ஒதுக்கீடு உண்டு என்றாலும் இந்தத் தகுதி மதிப்பெண்ணில் தளர்வு இல்லை. ஆகவே திருச்சி என்.ஐ.டி.யில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர விரும்பினால் 60 தேவைப்படும். உங்கள் சீனியர் சொன்னதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

அந்த 60 எட்டாத உயரத்தில் இல்லை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் மொத்த மதிப்பெண் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு செமஸ்டருக்கு 58.4 என்றால் கூட்டுத்தொகை 233.6. ஆறு செமஸ்டருக்கும் சராசரி 60 வர 360 வேண்டும். மீதி 126.4. அதாவது இனி வரும் இரண்டு செமஸ்டரிலும் சராசரியாக 63.2 எடுத்தால் போதும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தமிழும் ஆங்கிலமும் நான்காம் செமஸ்டரோடு முடிந்துவிடும். இனி வருபவை பெரும்பாலும் இயற்பியல் தாள்கள், செய்முறைத் தேர்வுகள். பார்ட் 3-இல் நீங்கள் ஏற்கெனவே 61.8 வைத்திருக்கிறீர்கள். முதல் ஆண்டின் தடுமாற்றமும் சேர்ந்துதான் அந்த 61.8. இரண்டாம் ஆண்டை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள், அநேகமாக 63-ஐ நெருங்கியிருப்பீர்கள் அல்லது தாண்டியிருப்பீர்கள். செய்முறைத் தேர்வு, அகமதிப்பீடு இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். சதவீதத்தைத் தூக்கிவிடும் மதிப்பெண்கள் அங்கேதான் சிந்திக் கிடக்கின்றன.

ஒன்று நினைவிருக்கட்டும். கலந்தாய்வில் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தற்காலிகமாகத்தான் இடம் தருவார்கள். பிறகு குறிப்பிட்ட தேதிக்குள் முழு மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். அப்போது 60 இல்லையென்றால் இடம் போய்விடும். ஆகவே நுழைவுத் தேர்வுக்காக ஆறாம் செமஸ்டரைக் கைவிடுவது உங்கள் விஷயத்தில் ஆபத்து.

அரியர் இருந்தது தடையா?

எழுதித் தேறிவிட்ட அரியர் எம்.எஸ்சி. சேர்க்கைக்குத் தடையில்லை. "பட்டம் பெற்றிருக்கிறாரா, உரிய சதவீதம் இருக்கிறதா" என்றுதான் கேட்பார்கள். எத்தனை முறை எழுதித் தேறினீர்கள் என்பதைப் பல்கலைக்கழக ரேங்க், சில நிறுவனங்களின் வளாக வேலைவாய்ப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில ஆகியவைதான் பார்க்கின்றன.

தடையாவது நிலுவையில் நிற்கும் அரியர். ஆறாம் செமஸ்டர் முடியும்போது ஒரு தாள் நின்றுபோனாலும் பட்டம் முழுமையடையாது, கிடைத்த இடமும் நிற்காது. ஆகவே இனி ஒரு தாளும் நிற்கக் கூடாது.

அலைடு கணிதத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. எம்.எஸ்சி. இயற்பியலுக்குச் சதவீதம் மட்டும் போதாது. பட்டப்படிப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. உங்களை அன்று அழவைத்த அந்தத் தாள்தான் இன்று உங்கள் தகுதியில் ஒரு பகுதி. ஜாம் இயற்பியல் பாடத்திட்டத்தின் முதல் பகுதியே கணித முறைகள்தான். அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுங்கள்.

6.9 சி.ஜி.பி.ஏ. என்றால் 69 சதவீதமா?

உங்கள் மாமா மகளின் பல்கலைக்கழகம் சொல்வதைப் பொறுத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் சி.ஜி.பி.ஏ.யை 10-ஆல் பெருக்குவார்கள். அந்தக் கணக்கில் 6.9 என்பது 69. ஏ.ஐ.சி.டி.இ. முன்வைத்த வாய்ப்பாட்டிலோ முதலில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்க வேண்டும். அதன்படி 6.9 என்பது 61.5 சதவீதம்தான். அங்கே 60 சதவீதம் காட்ட 6.75 தேவை. ஒரே சி.ஜி.பி.ஏ.க்கு இரண்டு வாய்ப்பாட்டில் ஏழரை சதவீத வித்தியாசம்.

இதில் தானாக ஒரு வாய்ப்பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை மாணவருக்கு இல்லை. அவர் படிக்கும் பல்கலைக்கழகம் அல்லது தன்னாட்சிக் கல்லூரி எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அதுதான் செல்லும். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் விண்ணப்பித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கலந்தாய்வு நடக்கும் வாரத்தில் அதற்காக அலைவது பெரும் பாடு. விண்ணப்பம் சி.ஜி.பி.ஏ.யையே நேரடியாக ஏற்றுக்கொண்டால் அதை மாற்றிக் காட்ட வேண்டியதே இல்லை. என்.ஐ.டி. கலந்தாய்வுக்கு அவருடைய 6.9 அப்படியே 6.5-க்கு மேல் நிற்கிறது.

சாதிச் சான்றிதழில் ஒரு முக்கியமான வேலை

மாநிலத்தில் நீங்கள் பயன்படுத்தும் எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அவற்றுக்கென உள்ள படிவத்தில், வளமான பிரிவினர் அல்ல என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து பெறலாம். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பில் சொல்வார்கள், பழைய சான்றிதழை ஏற்க மாட்டார்கள். வருமான உச்சவரம்பு எட்டு லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் பெற்றோரின் விவசாய வருமானம் சேராது. இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் உங்கள் அப்பா எந்தத் தயக்கமும் இல்லாமல் விண்ணப்பிக்கலாம்.

இதனால் என்ன கிடைக்கும்? மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடங்கள். ஜாம் தேர்வில் தகுதி பெறும் கட்-ஆஃப், பொதுப் பிரிவின் கட்-ஆஃபில் 90 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு அது 50 சதவீதம். இது தவிர, பெண் என்பதால் உங்களுக்கு ஜாம் விண்ணப்பக் கட்டணமும் பாதிதான். எம்.எஸ்சி. முடித்த பிறகு நெட் தேர்விலும் பிஎச்.டி. சேர்க்கையிலும் இதே சான்றிதழ் மறுபடியும் கைகொடுக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

உண்மையில் காப்பாற்ற வேண்டிய எண்

நான் இந்தப் பதில் முழுவதையும் எழுதியது இந்தப் பகுதிக்காகத்தான். தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். அதோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அல்லது விதிப்படி பெற்ற பிஎச்.டி. வேண்டும். இயற்பியலுக்கு நெட் என்பது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதை எழுதவும் முதுகலையில் பொதுப் பிரிவினர், இ.டபிள்யூ.எஸ். பிரிவினர் 55 வைத்திருக்க வேண்டும். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. பிஎச்.டி. சேர்க்கைக்கான 2022 விதிகளும் முதுகலையில் 55 கேட்கின்றன, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வோடு. நான்காண்டுப் பட்டம் முடித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி. சேரலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. மூன்றாண்டுப் பட்டம் படிக்கும் உங்களுக்கு எம்.எஸ்சி.தான் வழி.

இந்தத் தகுதிக் கோடுகளில் எங்கேயாவது பி.எஸ்சி.க்குக் குறைந்தபட்சச் சதவீதம் வருகிறதா? வரவில்லை. எம்.எஸ்சி. சேர்ந்த அன்றோடு, தகுதி பார்க்கும் இடங்களில் உங்கள் 58.4 தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதன்பின் பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்தும் உங்களோடு வருவது எம்.எஸ்சி. சதவீதம்.

நம் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குத் தேர்ச்சி மதிப்பெண் 40, முதுகலைக்கு 50. அப்படியானால் 50-க்கும் 55-க்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, பாருங்கள். 53 சதவீதத்தோடு ஒருவர் எம்.எஸ்சி. தேறிப் பட்டமும் வாங்கிவிடலாம். பொதுப் பிரிவினர் என்றால் அவரால் நெட் எழுத முடியாது, பிஎச்.டி. சேர முடியாது. முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு 50 சதவீதமும் பி.எட்.டும் போதும் என்பதால் பள்ளிக்குப் போகலாம், கல்லூரிக்குப் போக முடியாது. "பாஸ் ஆனால் போதும்" என்று இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பிறகு இரண்டு மதிப்பெண்ணுக்காக வருந்தும் பட்டதாரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே இன்னொரு எம்.எஸ்சி.யை முதலிலிருந்து படிப்பது எவ்வளவு பெரிய சுமை!

ஓ.பி.சி. சான்றிதழ் இருப்பதால் உங்களுக்கு 50 போதுமே என்று இருந்துவிடாதீர்கள். தளர்வு என்பது நிலைமை சரியில்லாத நாளில் தாங்கிப் பிடிக்க இருப்பது, இலக்காக வைப்பதற்கு அல்ல. முதல் செமஸ்டரிலிருந்தே 60-ஐக் குறிவையுங்கள். அப்போது எந்த விதி மாறினாலும் நீங்கள் பாதிக்கப்பட மாட்டீர்கள்.

இதனால்தான் எந்த நிறுவனத்தில் சேர்கிறோம் என்பதைவிட, அங்கே போய் எப்படிப் படிக்கிறோம் என்பதற்கு அதிக எடை கொடுக்கச் சொல்கிறேன். ஐ.ஐ.டி. கிடைத்தால் மகிழ்ச்சியாகப் போங்கள். நல்ல ஆய்வகமும் நல்ல வழிகாட்டிகளும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். கிடைக்காவிட்டால் மாநிலப் பல்கலைக்கழகத் துறையிலோ அரசுக் கல்லூரியிலோ எம்.எஸ்சி. சேர்ந்து 65 சதவீதம் எடுத்து நெட் தேறுபவரும் அதே வரிசையில்தான் வந்து நிற்பார்.

எப்படித் தயாராவது?

ஜாம் இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரு விடை மட்டும் சரியான 30 கேள்விகள், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகள், எண்ணாக விடை எழுத வேண்டிய 20 கேள்விகள். முதல் பிரிவில் மட்டும்தான் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். கணித முறைகள், இயக்கவியல், அலையும் ஒளியும், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திண்மநிலை இயற்பியலும் மின்னணுவியலும் என்று எல்லாமே நீங்கள் பி.எஸ்சி.யில் படித்தவை, படிக்கப்போகிறவை. வித்தியாசம் கேள்வி கேட்கும் முறையில். நம் செமஸ்டர் தேர்வில் "நிறுவுக", "விவரி" என்று வரும். அங்கே ஒரு சூழலைக் கொடுத்து எண்ணைக் கேட்பார்கள். மனப்பாடம் உதவாது, கணக்குப் போட்டுப் பழகிய கை வேண்டும்.

தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். இயற்பியல் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அதிகமில்லை. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளுக்கு ஐந்து கேள்வி என்று படித்துக்கொண்டே வந்தால் இரண்டு மாதத்தில் அந்த மொழி பழகிவிடும். ஹெச்.சி.வர்மாவின் இயற்பியல் நூலின் இரண்டு தொகுதிகளில் அடிப்படைக் கணக்குகளைப் போட்டுத் தொடங்குங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். பணம் கட்டிப் பயிற்சி மையம் போனால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இந்தத் தயாரிப்பு ஜாம் தேர்வுக்கு மட்டும் உரியதல்ல. க்யூட் பி.ஜி. தேர்வில் 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 குறையும். பாடப்பகுதியில் பெரும்பாலானவை பொதுவானவை. உங்கள் ஐந்தாம், ஆறாம் செமஸ்டருக்கும் இதே படிப்புதான் உதவும்.

வெளிநாடு பற்றி இரண்டு வார்த்தை

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதே நிலையில் உள்ள பலர் ஜெர்மனியைப் பற்றி எழுதுகிறார்கள். அங்கே 1.0 சிறந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சி எல்லை. நம் சதவீதத்தை அந்த அளவுகோலுக்கு மாற்ற ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: அதிகபட்சத்திலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தேர்ச்சி 40 என்றால் 70 சதவீதம் 2.5 ஆகிறது, 58 சதவீதம் 3.1 ஆகிறது. பல முதுகலைப் படிப்புகள் 2.5 கேட்கும். ஆகவே இப்போதைக்கு அந்த வழி உங்களுக்குக் கடினம். எம்.எஸ்சி.யில் நன்றாகச் செய்துவிட்டுப் பிஎச்.டி.க்குப் போகும்போது அதே நாடு வேறு முகத்தோடு வரவேற்கும். அப்போது முன்னால் நிற்பது உங்கள் முதுகலை மதிப்பெண்ணும் ஆய்வுப் பணியும்.

இனி என்ன செய்ய வேண்டும்?

இந்த மாதமே இ-சேவை மையத்துக்குப் போய் ஓ.பி.சி. சான்றிதழுக்கான வேலையைத் தொடங்குங்கள். நான்கு செமஸ்டர் மதிப்பெண்களையும் ஒரு தாளில் எழுதி, பார்ட் 3 தனியாகவும் மொத்தம் தனியாகவும் கணக்கிட்டு வையுங்கள். ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது, தேர்வு பிப்ரவரியில். அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். க்யூட் பி.ஜி. விண்ணப்பம் அதற்குப் பிறகு, ஆண்டு முடிவை ஒட்டி வரும். தேர்வு மார்ச்சில் நடக்கும். இரண்டையும் எழுதுங்கள். அடுத்து மாநில அரசுக் கல்லூரிகளின் முதுகலை விண்ணப்பத்தையும் பல்கலைக்கழகத் துறைகளின் அறிவிப்புகளையும் பாருங்கள். தேசிய நிறுவனத்தில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இவற்றை விட்டுவிட வேண்டாம்.

எந்த நிறுவனத்தின் விதியையும் அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தகுதி பற்றிய பக்கம் இரண்டு, மூன்று பக்கங்களைத் தாண்டாது. ஆங்கிலம் புரியாவிட்டால் உங்கள் துறை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், உட்கார்ந்து விளக்குவார். "உனக்குத் தகுதி இல்லை" என்று யார் சொன்னாலும், எந்த விதியில், எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று மரியாதையோடு கேளுங்கள். காட்டினால் ஏற்றுக்கொண்டு அடுத்த வழியைப் பாருங்கள். காட்ட முடியாவிட்டால் விண்ணப்பியுங்கள்.

உங்களுக்கு அடுத்து உங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டும் முதல் ஆண்டும் படிக்கும் தங்கைகள் இருக்கிறார்கள். இந்தப் பதிலில் உங்களுக்கு உதவியவற்றை அவர்களுக்கும் இப்போதே சொல்லுங்கள். நான்கு செமஸ்டர் முடிந்த பிறகு கேட்டதால் உங்களுக்கு 63.2 தேவைப்படுகிறது. முதல் செமஸ்டரிலேயே தெரிந்துகொள்பவர்களுக்கு 60 போதும்.